பெர்மிட் அடுப்படிக்கு, கட்டியது மாடி

கோலாலம்பூர், செத்தாபாக் பக்கம் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி). 20 அடி அகலம், 65 அடி நீளத்தில் ஒற்றைத் தட்டு லிங்க் வீடு (வரிசையில் சுவரோடு சுவர் ஒட்டியது). பின்பாதிக்கு மேல் இரண்டு அறையும் ஒரு குளியலறையும் எடுக்க 98,000 ரிங்கிட் என்று ஒரே பக்கத்தில் கொட்டேஷன். "நம்ம ஆளுதாண்ணே, கோயில் வேலையெல்லாம் செஞ்சிருக்காரு" என்று அறிமுகம். பெர்மிட் எங்கே என்று கேட்டபோது, மாநகராட்சி மன்ற முத்திரையோடு ஒரு காகிதத்தைக் காட்டியிருக்கிறார் குத்தகையாளர்.

காகிதம் போலி இல்லை. விவகாரமே அதுதான். அது பின்பக்க அடுப்படியை நீட்டுவதற்கு எடுத்த சிறு பெர்மிட். மாடியைப் பற்றி அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. வீட்டுக்காரர் முத்திரையைப் பார்த்தார், வேலை விவரத்தைப் படிக்கவில்லை.

1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆவது பிரிவுப்படி, உள்ளூராட்சி மன்றத்தின் (இங்கே மாநகராட்சியின்) எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வீட்டில் கட்டுமானம் சேர்க்க முடியாது. அடுப்படிக்கு வாங்கிய அனுமதி மாடிக்குச் செல்லாது. மாடி என்றால் முறையான கட்டட வரைபடம் வேண்டும். அதோடு பதிவு பெற்ற பொறியாளர் கணக்குப் போட்டுக் கையொப்பமிட்ட தூண், பீம், அஸ்திவார வரைபடமும் வேண்டும். வேலை தொடங்குமுன், தொடங்கப்போவதை அறிவிக்கும் பாரம் பி என்ற படிவம். கட்டக் கட்ட, கட்டம் கட்டமாகக் கையொப்பமிடும் ஜி1 முதல் ஜி21 வரையான படிவங்கள். கடைசியில் சிசிசி, அதாவது கட்டடம் முறைப்படி முடிந்தது என்ற சான்றிதழ். 2007 முதல் இந்தச் சான்றிதழைக் கொடுப்பவர், வரைபடத்தைச் சமர்ப்பித்த தொழில்முறையாளர்தான். ஆக, "எஞ்சினியர் வேண்டாம், நானே பார்த்துக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், சிசிசி வராது என்பதை அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். அது இல்லாத மாடியை, பிறகு வீட்டை விற்கும்போது வங்கி மதிப்பீட்டாளர் கணக்கில் சேர்க்க மாட்டார்.

பொறியாளரைத் தவிர்ப்பது கட்டணத்தை மிச்சப்படுத்த மட்டுமல்ல. அவர் வந்தால் முதல் கேள்வியே அஸ்திவாரம் பற்றித்தான் இருக்கும். கணக்கைப் பாருங்கள். 20க்கு 20 அடி பரப்பில் 5 அங்குல கான்கிரீட் தளம் போட்டால் ஏறக்குறைய 11 டன். நான்கு பக்கமும் 10 அடி உயரத்துக்கு அரைச் செங்கல் சுவர், இருபுறமும் பூச்சு என்றால் இன்னும் 18 டன் போல. கூரை, டைல், தண்ணீர்த் தொட்டி, அலமாரி, ஆட்கள் எல்லாம் அதற்கு மேல். பழைய வீட்டின் அஸ்திவாரம் ஒரு கூரையையும் ஒரு தட்டுச் சுவரையும் தாங்கப் போட்டது. மாடிக்குத் தனித் தூண்களும் அவற்றுக்குத் தனி அஸ்திவாரமும் வேண்டும். கோலாலம்பூரில் பழைய ஈய லம்ப (ஈயச் சுரங்க) நிலத்தில் எழுந்த தாமான்கள் உண்டு, அங்கே அடியில் குழைந்த சேறு. சில இடங்களில் சுண்ணாம்புப் பாறையும் அதில் பொந்துகளும். பினாங்குக் கரையோரத்தில் கடல் களிமண். மெக்கின்டோஷ் புரோப் என்ற சின்னச் சோதனை பெரிய செலவில்லை, மண் எந்த ஆழத்தில் கெட்டிப்படுகிறது என்று காட்டிவிடும்.

இந்த வீட்டில் தூணே போடவில்லை. பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச் சுவரில் ஓட்டை போட்டு, ஐ பீமை (இரும்பு உத்திரம்) செருகி, அதன்மேல் தளம் ஊற்றியிருக்கிறார்கள். ஆறே வாரத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு. பாரம் ஏறிய இடம் இறங்குகிறது, ஏறாத இடம் நிற்கிறது, நடுவில் சுவர் கிழிகிறது. சிமெண்டு பூசி மறைத்தாலும் அதே கோட்டில் திரும்ப வரும்.

தளத்தின் கதையும் அப்படித்தான். பிஆர்சி என்ற இரும்புக் கம்பி வலையைப் பலகைமேல் நேராக விரித்துவிட்டார்கள். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே 25 மில்லிமீட்டர் இடைவெளி தரும் ஸ்பேசர் ஒன்றுகூட இல்லை. அடியில் கம்பி தெரிந்தால் குளியலறை ஈரத்திலேயே துருவேறி கான்கிரீட்டை உதிர்க்கும். முட்டுகளை எட்டாம் நாளே உருவி வேறு சைட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். சாதாரணத் தளத்துக்கே இரண்டு வாரம், பீமுக்கு மூன்று வாரம் விட்டுவைப்பதுதான் பழக்கம். பால்கனி இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும், ஊற்றும்போது ஆட்கள் மிதித்து அதைக் கீழே இறக்கிவிடுவார்கள். பூசிய பிறகு பார்த்தால் அழகாகவே இருக்கும், ஆபத்து தெரியாது. ஊற்றுவதற்கு முந்தைய நாள் கம்பியை டேப் வைத்துப் படம் எடுங்கள்.

பணம் எப்படிப் போனது? கையொப்பத்துக்கு 50 விழுக்காடு, தளம் ஊற்றியதும் 30. மொத்தம் 78,400 ரிங்கிட். பக்கத்து வீட்டார் புகார் கொடுத்தார், வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தது. நோட்டீஸ் வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும். குத்தகையாளர் போனை எடுக்கவில்லை. அந்த ஒரு பக்கக் கொட்டேஷனில் வயரிங், படிக்கட்டுக் கைப்பிடி, தொட்டி, குப்பை லாரி எதுவும் இல்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. முன்பணம் 10 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம். அஸ்திவாரம் முடிந்து பொறியாளர் பார்த்த பிறகு 15, தளம் முடிந்தால் 25, சுவரும் கூரையும் 20, பூச்சும் வயரிங்கும் 15, ஒப்படைக்கும்போது 10, கடைசி 5 விழுக்காடு, ஆறு மாதம் கழித்து. குளியலறைத் தளத்தில் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி, கீழே கசிவில்லை என்று பார்த்த பிறகே டைல்.

இப்போது அந்த வீட்டுக்கு இரண்டே வழி. பொறியாளரை வைத்துக் கான்கிரீட்டைத் துளையிட்டுச் சோதித்து, புதுத் தூண் போட்டு, வரைபடம் சமர்ப்பிப்பது ஒன்று. இடிப்பது மற்றொன்று. தூணில்லாமல் சுவரில் செருகிய பீமுக்கு எந்தப் பொறியாளரும் கையொப்பமிட மாட்டார்.

கொடுத்த பணத்துக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, ஆனால் 50,000 ரிங்கிட் வரைதான் கோரலாம். மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். பக்கத்து வீட்டாரின் வெடிப்புக்கான இழப்பீடு தனி விவகாரம், அது நீதிமன்றம் வரை போகலாம்.

நடுவர் மன்றத்தில் யார் பெயரில் வழக்குப் போடுவது என்பதே பலருக்குச் சிக்கல். கொட்டேஷனில் ஒரு நிறுவனப் பெயர், பணம் போனது வேறொருவரின் சொந்தக் கணக்குக்கு. முன்பணம் கொடுக்குமுன் எஸ்எஸ்எம் (நிறுவனங்கள் ஆணையம்) பதிவு உயிரோடு இருக்கிறதா, சிஐடிபி (கட்டுமானத் துறை வாரியம்) பதிவு அதே பெயரில்தான் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். ஆளின் ஐசி (அடையாள அட்டை) நகலை இருபுறமும் வாங்கிக்கொண்டு, பணத்தை அந்த நிறுவனத்தின் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள்.