ஃபூபார்2000: பாடல் ஏற்றும் நேரத்தை விழுங்கும் கோப்பு மாற்றத்துக்கு ஒரு நல்ல மாற்று

கையடக்க இசைப்பானைக் கணினியுடன் இணைத்துப் பாடல்களை ஏற்றும்போது வேலை மணிக்கணக்கில் இழுத்தால், பலரும் முதலில் யூஎஸ்பி கேபிளையும் மெமரி கார்டையும்தான் சந்தேகிக்கிறார்கள். புதிய கேபிள் வாங்கிப் பார்த்தும் வேகம் கூடாதபோது இசைப்பானே பழுது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் நேரத்தை விழுங்குவது, ஏற்றும் மென்பொருள் ஒவ்வொரு பாடலையும் வேறொரு வடிவத்துக்கு மாற்றி, மாற்றியதைப் பிறகு அனுப்பும் முறைதான். மாற்றும் வேலையையும் ஏற்றும் வேலையையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் இந்தத் தொல்லை ஏறக்குறைய முழுவதும் தீர்ந்துவிடும். அப்படிப் பிரிப்பதற்கு விண்டோஸ் கணினியில் நான் பரிந்துரைக்கும் கருவி, பீட்டர் பாவ்லோவ்ஸ்கி உருவாக்கி 2002 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் ஃபூபார்2000 என்ற இசை மென்பொருளில் உள்ள கன்வெர்ட்டர், அதாவது கோப்பின் வடிவத்தை மாற்றும் பகுதி.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெளிவாகும். குறுந்தகட்டின் ஒலி வினாடிக்கு 1411 கிலோபிட் அளவுடையது. நான்கு நிமிடப் பாடல் ஒன்று சுருக்கப்படாத நிலையில் சுமார் 42 மெகாபைட் இருக்கும். ஒலி இழப்பின்றிச் சுருக்கும் ஃபிளாக் வடிவில் அது பாடலின் தன்மையைப் பொறுத்து ஏறத்தாழ 25 மெகாபைட்டாகவும், 256 கிலோபிட் எம்பி3 வடிவில் 8 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாகவும் ஆகிறது. யூஎஸ்பி 2.0 இணைப்பின் பெயரளவு வேகம் வினாடிக்கு 480 மெகாபிட் என்றாலும், இசைப்பானின் நினைவகம் எழுதும் வேகத்தையும் சேர்த்து நடைமுறையில் வினாடிக்கு 20 மெகாபைட் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஓர் எம்பி3 கோப்பு அரை வினாடிக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். 1000 பாடல்களுக்கு ஆறரை நிமிடம் போதும். மாறாக, ஒரு பாடலை மாற்றுவதற்கு ஐந்து வினாடி பிடித்தால் 1000 பாடல்களுக்கு 83 நிமிடம் கரைகிறது. மாற்றவே செய்யாமல் ஃபிளாக் கோப்புகளை அப்படியே நகலெடுத்தாலும் 21 நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். சிறிய கோப்பை அனுப்பினால் வேகம் கூடும் என்று நம்பி மாற்றத்தை இயக்கி வைத்திருப்பவர்கள், இடத்தைச் சேமிக்கிறார்களே தவிர நேரத்தைச் சேமிக்கவில்லை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, மாற்றம் தேவைதானா என்பது. ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருளில் அதிக பிட்ரேட் (வினாடிக்கு எத்தனை கிலோபிட் என்ற அளவு) உள்ள பாடல்களை 128, 192 அல்லது 256 கிலோபிட் ஏஏசி வடிவுக்கு மாற்றும் தெரிவு ஒன்று உண்டு. அதில் குறியிட்டிருந்தால் ஒவ்வொரு பெரிய கோப்பும் மாற்றத்துக்கு உள்ளாகும். விண்டோஸ் மீடியா பிளேயரிலும் சாதனத்துக்கேற்பக் கோப்புகளை மாற்றும் தெரிவு சாதனத்தின் பண்புகள் பக்கத்தில் இருக்கிறது. அதே மென்பொருளில், சாதனத்தை இணைக்கும் முன்பே பின்னணியில் மாற்றி வைக்கச் சொல்லும் வசதியும், தற்காலிகக் கோப்புகளுக்கான இடத்தைக் கூட்டும் வசதியும் உள்ளன. எம்டிபி முறையில், அதாவது டிரைவாக அல்லாமல் ஊடகச் சாதனமாக இணையும் இசைப்பான்களைப் பொறுத்தவரை, எந்தெந்த வடிவங்களை வாசிக்க முடியும் என்று சாதனம் தரும் பட்டியலைப் பார்த்தே பல மென்பொருள்கள் முடிவெடுக்கின்றன. அந்தப் பட்டியலில் ஃபிளாக் விடுபட்டிருந்தால், அதை நன்றாகவே வாசிக்கும் இசைப்பானுக்குக்கூட வீணாக மாற்றம் நடக்கும். ஒரே ஒரு ஃபிளாக் பாடலைக் கையால் நகலெடுத்து, இசைப்பானில் ஓடுகிறதா என்று பார்ப்பதே இதற்கான சோதனை. பாடல் ஓடி, நினைவகத்தில் இடமும் இருந்தால், மாற்றத்தை நிறுத்திவிடலாம். அந்த நிலையில் உள்ளவர்களுக்கு இந்த மதிப்புரையின் மீதிப் பகுதியே தேவைப்படாது.

இடம் போதாதவர்களுக்கு மாற்றம் தேவைப்படுகிறது. அவர்கள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஏற்றும் வேலையைக் கவனிக்கட்டும். பல கருக்கள் (கோர்) உள்ள செயலியில் ஒரே கரு மட்டும் உழைத்து மற்றவை சும்மா இருந்தால், மென்பொருள் பாடல்களை ஒவ்வொன்றாக வரிசையில் நிறுத்தி மாற்றுகிறது என்று பொருள். சில மென்பொருள்கள் இதைவிட மோசம். ஒரு பாடலை மாற்றும் வரை கேபிள் காத்திருக்கிறது. அதை எழுதி முடிக்கும் வரை செயலி காத்திருக்கிறது. போதாததற்கு, மாற்றிய கோப்பைக் கணினியில் வைத்துக்கொள்ளாமல் அழித்துவிடுவதால், இசைப்பானை ஒருமுறை துடைத்து மறுபடி நிரப்பினால் முழு வேலையும் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. பயனரின் நேரத்தையும் மின்சாரத்தையும் இப்படி வீணடிக்கும் வடிவமைப்பை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஃபூபார்2000 இந்தக் குறைகளை நேரடியாகத் தீர்க்கிறது. இதன் கன்வெர்ட்டர், செயலியில் எத்தனை கருக்கள் உள்ளனவோ அவற்றுக்கேற்பப் பல பாடல்களை ஒரே நேரத்தில் மாற்றுகிறது. எம்பி3 ஆக்கும் லேம் என்கோடர் ஒரு பாடலுக்கு ஒரு கருவைத்தான் பயன்படுத்தும் என்பதால், பல பாடல்களை இணையாக ஓட்டுவதுதான் வேகத்துக்கு உண்மையான வழி. எட்டுக் கருக்கள் இருந்தால் நேரம் சரியாக எட்டில் ஒரு பங்காகிவிடாது. ஆனாலும் மணிக்கணக்கு நிமிடக்கணக்காகச் சுருங்கும். மாற்றிய கோப்புகள் கணினியில் நாம் சொல்லும் ஃபோல்டரில், கலைஞர், ஆல்பம், பாடல் எண் என்று நாம் வகுக்கும் வரிசையில் நிலையாகத் தங்கும். அடுத்த முறை கணினியில் உள்ள முழு இசை நூலகத்தையும் தேர்ந்தெடுத்து மாற்றச் சொன்னாலும், ஏற்கெனவே உள்ள கோப்பைத் தாண்டிச் செல்லும் தெரிவை வைத்திருந்தால், புதிதாகச் சேர்த்த பாடல்கள் மட்டுமே மாறும். ஆண்டுக்கணக்கில் பயன்படும் சிறிய நகல் நூலகம் ஒன்று இப்படி உருவாகிறது.

தரத்தைத் தேர்ந்தெடுப்பதில் தயக்கம் வேண்டாம். லேம் என்கோடரின் மாறும் பிட்ரேட் முறையில் 0 என்ற நிலை சராசரியாக 245 கிலோபிட்டையும், 2 என்ற நிலை 190 கிலோபிட்டையும் ஒட்டி அமையும். நடந்துகொண்டே கேட்பதற்கு இரண்டாவது தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. இசைப்பான் ஓபஸ் வடிவத்தை வாசிக்குமானால், 2012-இல் தரநிலையாக்கப்பட்ட அதை 128 கிலோபிட்டில் பயன்படுத்துவது இன்னும் சிக்கனம். எம்பி3 கோப்பை மறுபடி எம்பி3 ஆக்குவதை மட்டும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒலி இழப்பு சேர்ந்துகொண்டே போகும். நூலகத்தில் இழப்பற்ற கோப்புகளை மட்டும் வடிகட்டிக் காட்டும் தேடல் வசதி ஃபூபார்2000-இல் இருப்பதால், அவற்றை மட்டும் கன்வெர்ட்டருக்கு அனுப்பிவிட்டு, மற்றவற்றை அப்படியே நகலெடுத்துக்கொள்ளலாம்.

இதிலும் வேகம் குறைந்தால் பார்க்க வேண்டியவை சில உள்ளன. கன்வெர்ட்டரின் அமைப்பில் ஒலி மெருகேற்றும் டிஎஸ்பி வடிகட்டிகள் ஏதேனும் இயங்குகின்றனவா என்று பார்த்து, தேவையற்றவற்றை நீக்க வேண்டும். நூலகம் சுழலும் ஹார்ட் டிஸ்கில் இருந்தால், பல பாடல்களை ஒரே நேரத்தில் படிக்க டிஸ்கின் முனை இங்குமங்கும் ஓட வேண்டியிருக்கும். வெளியீட்டு ஃபோல்டரையாவது எஸ்எஸ்டியில் வைப்பது நல்லது. மடிக்கணினியை மின் இணைப்பில் வைத்தே வேலை செய்ய வேண்டும். பேட்டரியில் ஓடும்போது செயலி வேகத்தைக் குறைத்துக்கொள்வது வழக்கம். எழுதப்படும் ஒவ்வொரு கோப்பையும் ஆன்டிவைரஸ் சோதித்துக்கொண்டிருந்தால், அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம்.

குறைகளும் உண்டு. லேம் முதலிய என்கோடர்கள் மூல மென்பொருளுடன் வருவதில்லை; என்கோடர் பேக் என்ற தொகுப்பை அதே தளத்திலிருந்து தனியாக நிறுவ வேண்டும். தோற்றம் வறட்சியானது, தெரிவுகள் பல பக்கங்களில் சிதறிக் கிடப்பதால் முதல் முறை அமைப்பதற்குப் பொறுமை வேண்டும். இவற்றைவிடப் பெரிய குறையாக நான் கருதுவது, மூலக் கோப்பில் பாடகர் பெயரையோ ஆல்பம் படத்தையோ பின்னர் திருத்தினால், ஏற்கெனவே உள்ளதைத் தாண்டும் தெரிவின் காரணமாக அந்தத் திருத்தம் நகல் நூலகத்துக்குப் போய்ச் சேராது என்பது. நூலகத்திலிருந்து அழித்த பாடலும் நகலில் அப்படியே இருக்கும். அவ்வப்போது அந்தந்த ஆல்பத்தின் நகலைக் கையால் அழித்துவிட்டு மறுபடி மாற்றுவதைத் தவிர இதற்கு எளிய வழி இல்லை.

நகல் நூலகம் தயாரானபின் அதை இசைப்பானுக்கு அனுப்ப, விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி போன்ற ஃபோல்டர் ஒப்பிடும் கருவி போதும். எம்டிபி முறையில் இணையும் இசைப்பானுக்கு டிரைவ் எழுத்து கிடைக்காது என்பதால், இந்தக் கருவி அங்கே வேலை செய்யாது. இசைப்பானின் அமைப்பில், அதைச் சாதாரண டிரைவாகக் காட்டும் மாஸ் ஸ்டோரேஜ் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் செருகலாம். மெமரி கார்டுகளில் பரவலாக உள்ள ஃபேட்32 கோப்பு முறையில் கோப்பின் திருத்த நேரம் இரண்டு வினாடித் துல்லியத்தில்தான் பதிவாகும். அதனால் கணினியில் உள்ள கோப்பும் கார்டில் உள்ள கோப்பும் வெவ்வேறு நேரத்தைக் காட்ட, மாறாத பாடல்களையும் கருவி மறுபடி நகலெடுக்கக்கூடும். இதற்கென்றே ரோபோகாப்பியில், நேரத்தை ஃபேட் முறைப்படி ஒப்பிடச் சொல்லும் தெரிவு இருக்கிறது. அதைச் சேர்த்து ஓட்டினால் புதிய பாடல்கள் மட்டுமே நகரும்.