அரை அடி முன்னால்: நூன்யெஸோடு மூன்று வருடம்

இங்கிலாந்துக் கால்பந்து கிளப் ஆர்சனல், போர்ச்சுகலில் ஆடிய விக்டர் யோக்கெரெஸை வாங்கிய வாரம், மன்னார்குடி பந்தலடியில் டீ குடிக்கும்போது ஆர்சனல் ரசிகனான நண்பன் கேட்டான்: "மாப்ள, போர்ச்சுகல்ல அடிச்சுத் தள்ளினவன் இங்கிலாந்துல அடிப்பானா? உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கே." நான் லிவர்பூல் ரசிகன், குத்தல்தான். சிரித்துச் சமாளித்தேன். இரண்டு வாரத்தில் லிவர்பூல் எங்கள் சென்டர் ஃபார்வர்ட் (கோல் அடிக்க முன்னால் நிற்பவர்) டார்வின் நூன்யெஸைச் சவுதியின் அல் ஹிலாலுக்கு விற்றுவிட்டது. 2022-ல் போர்ச்சுகலின் பென்ஃபிகாவுக்கு முதலில் கொடுத்ததே 7.5 கோடி யூரோ. திரும்பி வந்தது சுமார் 5.3 கோடி. சரி, இனி பதில் சொல்லலாம்.

143 ஆட்டம், 40 கோல். வேகம், உடம்பு, உழைப்பு எல்லாம் ஊருக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. என் குறை ஒன்றே ஒன்று. அந்த ஆஃப்சைடு கொடி.

பந்து இன்னும் சக வீரர் சலாவின் காலைவிட்டுக் கிளம்பியிருக்காது, இவர் கிளம்பிவிட்டிருப்பார். எதிரணியின் தடுப்பு வரிசையைத் தாண்டி அரை அடிதான், அதுவே ஆஃப்சைடு. ஓடி, கோல்கீப்பரை ஏமாற்றி, பந்தை அவ்வளவு நிதானமாக வலைக்குள் போடுவார். நான் நாற்காலியைவிட்டு எழுந்திருப்பேன். ஓரத்தில் கொடி நிற்கும். கொடி இல்லாத சமயம் பார்த்து அந்த நிதானம் எங்கேயோ போய்விடும், பந்து கோல் கம்பத்தில் அடிக்கும். 2024 ஜனவரி 31 செல்சி ஆட்டத்தில் ஒரே ஆள் நான்கு முறை கம்பத்தில் அடித்தார், அதில் ஒன்று பெனால்டி. நாங்கள் 4-1 என்று ஜெயித்தோம், அது வேறு. இங்கே நேரம் இரவு ஒன்றே முக்காலைத் தாண்டிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் அம்மா எழுந்து வந்து, "யாருக்குடா என்ன ஆச்சு?" என்றார். என்னத்தைச் சொல்வது.

அவர் வந்த வருடம் மேட்டூர் அணையே ஜூன் 12 வரை காத்திருக்காமல் மே 24-ல் திறந்துவிட்டது. தண்ணீர் முன்னால் வந்தால் குறுவைக்கு நல்லது. சென்டர் ஃபார்வர்ட் முன்னால் வந்தால் கொடிதான். எங்கள் ஊர்த் திடலில் ஆஃப்சைடு கிடையாது. இங்கே ஆடியிருந்தால் அவருக்குக் கட்அவுட் வைத்திருப்போம்.

கோபத்தை ஓரம் வைத்துவிட்டு யோசித்தால், தப்பு அவர்மேல் மட்டும் இல்லை. பென்ஃபிகாவில் கடைசி வருடம் லீக்கில் 28 ஆட்டத்தில் 26 கோல். ஐரோப்பியக் கிளப்களின் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் லிவர்பூலுக்கு எதிராகவே இரண்டு ஆட்டத்திலும் அடித்தார். அன்றைக்கு முன்னேறி ஆடியது நாங்கள், எங்கள் தடுப்பு வரிசைக்குப் பின்னால் திறந்த வெளி இருந்தது, அவர் அதில் ஓடினார். அந்த ஓட்டத்தைப் பார்த்து மயங்கி வாங்கினோம். எங்கள் மைதானமான ஆன்ஃபீல்டுக்கு வந்து எவன் அந்த வெளியை விடுவான்? பத்துப் பேரும் பெனால்டி பெட்டிக்கு முன்னால் வரப்பு கட்டியதுபோல நிற்பார்கள். அங்கே தேவைப்படுவது நெருக்கத்தில் பந்தை வாங்கி ஒரே தொடலில் திருப்பித் தரும் ஆள். முன்பு அந்த இடத்தில் ஆடிய ஃபிர்மினோ அதைத்தான் செய்தார். அவர் கீழே இறங்குவார், காவலுக்கு நிற்பவன் பின்னாலேயே வருவான், அந்த இடைவெளியில் இரு ஓரத்திலிருந்தும் மானேயும் சலாவும் புகுவார்கள். மானேயும் நூன்யெஸ் வந்த அதே கோடையில் ஜெர்மனியின் பேயர்னுக்குப் போய்விட்டார். நூன்யெஸின் காலுக்கு முன்பக்கம் மட்டும்தான் தெரியும்.

ஈர வயலில் டயர் வைத்த அறுவடை மிஷினை இறக்கினால் புதையும். அதற்குப் பெல்ட் வண்டிதான் வேண்டும். டயர் வண்டி மட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், சேற்றில் இறக்கச் சொன்னவனைத்தான் திட்டுவார்கள்.

அப்புறம் பயிற்சியாளராக ஆர்ன் ஸ்லாட் வந்தார். பந்தைப் பொறுமையாகச் சுற்றவிட்டு ஆடுபவர். 2024-25-ல் பிரீமியர் லீக் கோப்பையே ஜெயித்தோம், ஆனால் முன்வரிசையின் நடுவில் பல ஆட்டங்களில் நின்றது, ஓரத்தில் ஆடும் விங்கரான லூயிஸ் டியாஸ். நூன்யெஸுக்கு லீக்கில் ஐந்தே கோல். பிப்ரவரியில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராகக் காலியாகக் கிடந்த வலைக்கு மேலே அடித்தார். தவறவிட்டதைப் பெரிதுபடுத்தாத ஸ்லாட், அதற்குப் பிறகு இவர் ஓட்டம் குறைந்ததை வெளிப்படையாகக் குறை சொன்னார். மார்ச்சில் சாம்பியன்ஸ் லீக்கில் பாரிஸின் பிஎஸ்ஜியோடு பெனால்டியைத் தவறவிட்டார். அதைப் பற்றி எழுதவே மனசு வரவில்லை.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வழக்கம் உண்டு: தவறவிட்டால் 'அவன்', கோல் அடித்தால் 'அவர்'. 2023 ஆகஸ்ட் 27, நியூகாசில். எங்கள் தடுப்பாட்டக்காரர் வான் டைக் அரை மணி நேரத்துக்குள் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறி, பத்துப் பேரோடு ஒரு கோல் பின்தங்கிக் கிடந்தோம். 77-வது நிமிடம் இவர் இறங்கினார். 81-ல் ஒன்று, இஞ்சுரி டைமில் ஒன்று, 2-1. குழு முழுக்க 'அவர்', 'அவர்'. கவனித்தால், அன்றைக்குப் பதுங்கி ஆடியது நாங்கள், வெளியைத் திறந்துவிட்டது அவர்கள். பென்ஃபிகா கதைதான், ஜெர்சி மட்டும் மாறியிருந்தது. 2025-ல் காணும் பொங்கல் முடிந்த இரண்டாம் நாள்கூட அப்படித்தான். பிரென்ட்ஃபோர்டோடு 90 நிமிடம் 0-0, பாதிக் குழு தூங்கப் போய்விட்டது, இவர் இஞ்சுரி டைமில் இரண்டு போட்டார். தெருவில் யாரோ பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய் ஒரு துண்டு கேட்டு வாங்கினேன். ஏன் என்று எனக்கே தெரியாது.

நண்பனுக்குப் பதில் இதுதான். யோக்கெரெஸ் போர்ச்சுகலில் ஆடிய கடைசி சீசனில் 52 ஆட்டத்தில் 54 கோல் அடித்திருக்கிறார், அதை விடு. உங்கள் அணி எதிராளியை அவன் பாதியிலேயே அடைத்து வைத்து ஆடும் அணி. ஓடுவதற்கு வெளி எங்கே இருக்கிறது என்று முதலில் பார்.

நூன்யெஸுக்கு மதிப்பெண்? ஐந்துக்கு இரண்டு. இதே ஆளை இதே விலைக்கு யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். போன வாரம் 80-வது நிமிடத்தில் 0-0 என்று இழுத்துக்கொண்டிருந்தபோது குழுவில் ஒருவன், "நூன்யெஸை இறக்குங்கடா" என்று போட்டான். முதலில் லைக் போட்டது நான்தான்.