கான்சாஸ் கோதுமைக்கு எது: பி.எல்.சி.யா, ஏ.ஆர்.சி.யா?

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், சம்னர் கவுண்டி (மாவட்டம்) மாதிரி மானாவாரிக் கோதுமை விளையும் இடங்களில் இந்தக் கேள்வி மறுபடி வந்துவிட்டது: கூட்டரசின் இரண்டு பண்ணை உதவித் திட்டங்களில், விலை விழுந்தால் பணம் தரும் பி.எல்.சி.யா, கவுண்டியின் வருமானம் குறைந்தால் தரும் ஏ.ஆர்.சி.யா? 2025 பயிருக்கு இரண்டில் எது அதிகமோ அதையே கொடுத்துவிடுவதாகப் புதுச் சட்டம் சொல்லிவிட்டதால் யோசிக்க வேலையில்லை. 2026 பயிருக்கு நாமேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். கோதுமைக்கு பி.எல்.சி. என்பதே என் கட்சி.

இரண்டிலும் விதைத்த ஏக்கருக்குப் பணமில்லை. பழைய சாகுபடியை வைத்து அரசுப் பதிவிலுள்ள அடிப்படை ஏக்கரில் 85 சதவீதத்துக்குத்தான். உச்சவரம்பு, வருமான வரம்பு எல்லாம் ஒன்றே.

பி.எல்.சி. விலையை மட்டும் பார்க்கும். நாடு தழுவிய சந்தையாண்டுச் சராசரி விலை, சட்டம் வைத்திருக்கும் குறிப்பு விலைக்குக் கீழே எவ்வளவு போகிறதோ அதைப் பண்ணைக்கென்று பதிவான மகசூலால் பெருக்கித் தருவார்கள். கோதுமையின் சட்டக் குறிப்பு விலை புஷலுக்கு (சுமார் 27 கிலோ) 5.50 டாலராக இருந்தது, இப்போது 6.35. ஏ.ஆர்.சி.-கவுண்டி வருமானத்தைப் பார்க்கும். கவுண்டியின் வருமானம் அளவுகோல் வருமானத்தில் (முந்தைய ஆண்டுகளின் சராசரி மகசூலையும் விலையையும் பெருக்கியது) 90 சதவீதத்துக்குக் கீழே போனால் பணம் வரும், ஆனால் அளவுகோலில் 12 சதவீதத்துக்கு மேல் வராது. உங்கள் வயல் ஆலங்கட்டியில் அழிந்தாலும் கவுண்டி நன்றாக விளைந்திருந்தால் ஒன்றும் கிடைக்காது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 300 அடிப்படை ஏக்கர். பணம் 255 ஏக்கருக்கு. பி.எல்.சி. மகசூல் 38 புஷல், கவுண்டி அளவுகோல் மகசூல் 40, அளவுகோல் விலை 6.98 என்று கொள்வோம். சந்தை விலை 5.50 என்றால் பி.எல்.சி. சுமார் 8,236 டாலர். கவுண்டி மகசூலும் 40 என்றால் ஏ.ஆர்.சி. சுமார் 7,976, பெரிய வித்தியாசமில்லை. அதே விலையில் கவுண்டி 46 புஷல் எடுத்தால் ஏ.ஆர்.சி. சுழியம், பி.எல்.சி. அப்படியே நிற்கும். விலை 4.50க்கு விழுந்தால் பி.எல்.சி. 17,926, ஏ.ஆர்.சி. மகசூல் 40 ஆனாலும் அதற்குக் கீழே போனாலும் ஏறக்குறைய 8,540இல் முட்டி நின்றுவிடும். (எல்லாம் கூட்டரசின் கட்டாய வெட்டுக்கு முந்தைய தொகை.)

2016இல் நடந்ததும் இதுதான். கான்சாஸ் ஏக்கருக்கு 57 புஷல் எடுத்தது, விலையோ 3.89. பி.எல்.சி. புஷலுக்கு 1.61 தந்தது. மாநிலச் சராசரி மகசூலை வைத்துப் பார்த்தால் அன்றைய 86 சதவீத ஏ.ஆர்.சி. உத்தரவாதத்தில் ஒன்றுமே வராது. நல்ல விளைச்சலும் மட்ட விலையும் சேர்ந்தே வருகிற பயிருக்கு ஏ.ஆர்.சி. சரிப்படாது.

தீர்மானிக்கும் விஷயம் பயிர்க் காப்பீடு. மகசூல் இழப்பை அது பண்ணை அளவிலேயே பார்த்துக்கொள்கிறது. ஆனால் அதன் விலை ஒவ்வொரு ஆண்டும் வாய்தாச் சந்தையிலிருந்து புதிதாக நிர்ணயமாகும். மூன்று நான்கு ஆண்டுகள் விலை படுத்தே கிடந்தால் காப்பீட்டுத் தொகையும் கூடவே இறங்கும். அந்த ஓட்டையை அடைப்பது பி.எல்.சி. ஒன்றுதான். ஏ.ஆர்.சி. ஏற்கெனவே காப்பீடு இருக்கும் இடத்திலேயே இன்னொரு மெல்லிய போர்வை போடுகிறது.

எஸ்.சி.ஓ. என்ற, பயிர்க் காப்பீட்டுக்கு மேல் எடுக்கும் கூடுதல் காப்பீடு பி.எல்.சி.யோடு மட்டுமே கிடைக்கும் என்ற பழைய வாதம் 2026 பயிரிலிருந்து செல்லாது. இப்போது இரண்டோடும் எடுக்கலாம். 2023 போல விலை 6.96இல் நின்று வறட்சி அடித்த ஆண்டில் பி.எல்.சி. ஒரு சென்ட் தராது என்பதும் உண்மை. இறவை மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் இதையே சொல்லத் துணியமாட்டேன். பயிருக்குப் பயிர் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால் அவற்றைத் தனியே கணக்கிடுங்கள்.

எஃப்.எஸ்.ஏ. என்ற கூட்டரசுப் பண்ணைச் சேவை அலுவலகத்தில் சி.சி.சி.-861 ஒப்பந்தம், வருமானச் சான்றுக்கு சி.சி.சி.-941, மண்வளப் பாதுகாப்புக்கு ஏ.டி.-1026 மூன்றும் கோப்பில் இருக்க வேண்டும். தேர்வை மாற்ற, விளைச்சலில் பங்குள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டும்; ஒருவர் விட்டாலும் பழைய தேர்வே தொடரும். வாரக் குத்தகை நில உரிமையாளரை இதற்குத் தேட வேண்டியிருக்கும், ரொக்கக் குத்தகை உரிமையாளரை வேண்டாம். பணத்தை அறுவடைக்கு அடுத்த ஆண்டு அக்டோபருக்கு முன் எதிர்பார்த்து உரக்கடன் வாங்காதீர்கள்: 2026 ஜூனில் அறுத்த கோதுமையின் சந்தையாண்டு 2027 மே மாதம்தான் முடிகிறது.