முதுநகர் மாலை எழுத்தறிவு வகுப்பு: வாசிக்கிறார்களா, ஒப்பிக்கிறார்களா?

கடலூர் முதுநகரில் ஒரு தேவாலய வளாகத்தில் பெண்களுக்காக நடக்கும் வகுப்பு இது. கட்டணம் கிடையாது. வாரம் ஐந்து நாள், மாலை ஏழு முதல் எட்டரை வரை. மீன் விற்கிறவர்கள், துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள், காலனியிலிருந்து நடவுக்கும் களைபறிக்கவும் போகிறவர்கள்தான் பெரும்பாலும் வருகிறார்கள்.

பாடம் தொடங்கும் முறை அருமை. அ, ஆ என்று ஆரம்பிக்காமல் ட, ப, ம, ய என்று போகிறார்கள். 'ட' இரண்டே கோடு, இன்னொரு கோடு ஏற்றினால் 'ப'. சுழியும் வளைவுமான 'அ'வை முதல் நாளே எழுதச் சொன்னால், பலப்பம் பிடித்துப் பழகாத விரல் மரத்துப்போகும். மறுநாள் ஆள் வராது. இங்கே முதல் வாரத்திலேயே படம், மடம், பட்டம் எல்லாம் பலகையில் ஏறிவிடுகின்றன. தொண்ணூறுகளில் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் 'பட்டா'வை முன்னே வைத்ததிலும் இந்தக் கணக்கு உண்டு: எழுத்தும் எளிது, சொல்லும் தேவையானது.

பலரும் திணறும் இடம் கொம்பு. 'கெ'வில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம். இதற்கு எழுத்தைத் தனி அட்டையிலும் கொம்பு, துணைக்காலை வேறு அட்டைகளிலும் கொடுத்து, கையால் நகர்த்திச் சேர்க்க வைக்கிறார்கள். பேருந்துப் பலகைப் பயிற்சியும் உண்டு. நெல்லிக்குப்பம், நெய்வேலி இரண்டுக்கும் முதலெழுத்து 'நெ'. அதை மட்டும் பார்த்து ஏறினால் ஊர் மாறிப்போகும். இரண்டாம் எழுத்தைப் பார்க்கும் பழக்கம் இப்படித்தான் வருகிறது.

குறை நான்காம் மாதத்தில் தொடங்குகிறது. அட்டைகளை ஓரம் வைத்துவிட்டு நேரே வேதாகமத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆராதனையில் கேட்டுக் கேட்டு 23ஆம் சங்கீதம் என்ற வேதாகமப் பாடல் பலருக்கும் மனப்பாடம். விரல் வரிமேல் ஓடும், வாய் சரியாகச் சொல்லும், ஆசிரியை அடுத்த பக்கம் திருப்பிவிடுவார். விரல் மூன்றாம் சொல்லில் இருக்கும்போது வாய் ஐந்தாம் சொல்லைச் சொல்வதைக் கவனித்தால் விஷயம் புரியும். சோதிப்பது எளிது: ஒரு தாளால் வரியை மூடி, நடுவில் ஒரு சொல்லை மட்டும் திறந்து காட்டுங்கள். அல்லது அதே வசனத்தின் சொற்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துப் போடுங்கள். ஒப்பிக்கிறவர் அங்கே நின்றுவிடுவார்.

பழைய மொழிபெயர்ப்பின் நடையும் சேர்ந்து படுத்துகிறது. 'மேய்ப்பராயிருக்கிறார்' என்ற ஒரு சொல்லில் 11 எழுத்து, நான்கு புள்ளி. அதோடு ஜ, ஸ, ஷ வேறு. தெரிந்த வசனம் தைரியம் தருகிறது என்பது உண்மைதான்; மற்ற வகுப்புகளைவிட இங்கே ஆள் நிற்பதற்கு அதுவே காரணம். ஆனால் ஒரு வசனத்துக்கு ஒரு புதுத்தாள் என்று வைத்திருக்கலாம்: ரேஷன் கடை அறிவிப்பு, வங்கியில் பணம் எடுக்கும் சீட்டு, மகளிர் குழுக் கணக்கு நோட்டு. முன்பின் பார்க்காத தாளை வாசித்தால்தான் வாசிப்பு.

தொடக்க ஜெபம் பத்து நிமிடம். இந்துப் பெண்கள் அது முடிந்து வரலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. பின்பாதியில் வேறு வாசிப்பு நூலே இல்லாததால் அவர்களில் பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். இதை நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

கணக்குப் பாடம் சுமார். மனக்கணக்கில் புலியாக இருப்பவர்களுக்குக் கூட்டல் சொல்லித் தருவது வீண் வேலை. அவர்களுக்கு வேண்டியது எடைமெஷினில் தெரியும் புள்ளியையும் செல்போன் எண்ணையும் படிப்பதும், ரூபாயை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவதும்.

நாற்பது வயது தாண்டியவர்கள் முதலில் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டு போவது நல்லது. 'மண்டையில ஏறல' என்று ஒதுங்குகிறவர்களில் பலருக்கு வேண்டியது கிட்டத்தில் இருப்பதைப் படிக்க ஒரு கண்ணாடிதான். கூடத்தில் இருப்பது ஒரே டியூப்லைட், பின்வரிசைக்கு வெளிச்சம் போதாது, முன்னால் உட்காருங்கள்.

சான்று வேண்டுமென்றால் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத் தேர்வை எழுதலாம். 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது; வாசிப்பு, எழுத்து, கணக்கு தலா 50 என்று மொத்தம் 150 மதிப்பெண். இந்த வகுப்பை மட்டும் நம்பிப் போனால் எழுத்திலும் கணக்கிலும் இடிக்கும், வீட்டில் தனியாகப் பழக வேண்டும்.

சேர்வதற்குத் தோதான காலம் பொங்கல் கழித்து. ஐப்பசி, கார்த்திகையில் சேர்ந்தால் மழைக்கு வகுப்பு அடிக்கடி நின்று, படித்த கொம்பெல்லாம் மறந்துபோகும்.