போர்டுக்கு ஆள் தேடித் தரும் தளம்: ஐந்துக்கு மூன்று

பதினோரு வருடமாக எங்கள் கணக்கைப் பார்த்துவந்த பொருளாளர், போன ஆண்டு ஒரு கூட்டம் முடிகிற நேரத்தில் மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "அடுத்த வருஷம் நான் இல்லை, வேற ஆளைப் பாருங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

நான் அந்த நிறுவனத்தின் செயலாளர். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களை ஒலிப்பதிவு செய்து கொடுக்கும் சிறிய தொண்டு நிறுவனம். போர்டில், அதாவது நிர்வாகக் குழுவில், ஏழு பேர். புதிதாக யாரையாவது சேர்க்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி, "உங்களுக்கு யாராவது தெரியுமா?" என்று ஒருவரை ஒருவர் கேட்பதுதான். அப்படிக் கேட்டுக் கேட்டே ஏழில் ஐந்து பேர் ஒரே கல்லூரியில் வேலை பார்த்தவர்களாக ஆகிவிட்டோம். இந்த முறை அது வேண்டாம் என்று, போர்டில் சேர விரும்புகிறவர்களையும் தொண்டு நிறுவனங்களையும் சேர்த்து வைக்கும் ஓர் இணையச் சேவையில் ஒரு வருடச் சந்தா கட்டினோம். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சேர்ந்ததும் விளம்பரம் போட விடவில்லை, ஓர் அட்டவணையை நிரப்பச் சொன்னது. மேலே இப்போதைய உறுப்பினர்கள், பக்கவாட்டில் ஒரு போர்டுக்குத் தேவையானவை: நிதி, சட்டம், நன்கொடை திரட்டல், தொழில்நுட்பம், கற்பித்தல், பயனாளியாக இருந்த அனுபவம். யாரிடம் எது இருக்கிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு டிக். இதற்குச் சந்தாவே வேண்டாம், ஒரு தாளில் கோடு போட்டுச் செய்துவிடலாம். ஆனால் நாங்கள் இத்தனை வருடத்தில் செய்ததில்லை. கற்பித்தலில் ஆறு டிக். நிதியில் ஒன்று, போகப் போகிறவருடையது. சட்டத்தில் ஒன்றும் இல்லை. கடைசி வரிசை முழுக்கக் காலி. பார்வையற்றவர்களுக்காக நடக்கும் நிறுவனத்தின் போர்டில் பார்வையற்றவர் ஒருவர்கூட இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதான், யாரும் எழுதிப் பார்த்ததில்லை. தலைவர் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

விளம்பரம் போட்டு மூன்று வாரத்தில் 23 விண்ணப்பம் வந்தது. எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒருவருடைய கடிதம் ஒரு விலங்கு நலச் சங்கத்தின் பெயரைச் சொல்லி, நாய்கள் மீது தனக்குள்ள பிரியத்தோடு தொடங்கியது. இரண்டு பேர் கணக்கு மென்பொருள் விற்கிறவர்கள். போர்டில் உட்கார்ந்துகொண்டு நமக்கே சரக்கை விற்பது சரியில்லை என்று நாங்கள்தான் விளக்க வேண்டியிருந்தது. பெரும்பாலானவர்கள் பயோடேட்டாவில் ஒரு வரி சேர்க்க வந்தவர்கள். அதில் தப்பில்லை, ஆனால் கூட்டத்துக்கு வர வேண்டுமே. பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் இருந்தால் 'சரிபார்க்கப்பட்டவர்' என்கிறது தளம். சரிபார்த்தது மின்னஞ்சல் முகவரியை மட்டும்தான் என்பது உதவிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது. பழைய வேலை இடங்களுக்கு நாங்களே போன் போட்டு விசாரித்தோம்.

எங்கள் தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் வருடத்துக்கு இவ்வளவு நன்கொடை திரட்டித் தர வேண்டும் என்று எங்களிடம் ஒரு விதி உண்டு. அதை விளம்பரத்தில் போடவில்லை. போட்டால் யாரும் வர மாட்டார்கள் என்று நான்தான் சொன்னேன். நல்ல வழக்கறிஞர் ஒருவர் இரண்டு முறை வந்து பேசிவிட்டு, மூன்றாவது சந்திப்பில் இதைக் கேள்விப்பட்டதும், "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்று எழுந்து போய்விட்டார். கோபப்பட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. சட்டம் வரிசை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

சந்தா வீண் இல்லை என்று சொல்ல வைத்தவர், வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு மேடம். மற்றவர்கள் எல்லாரும் போனில் எங்கள் சேவையைப் புகழ்ந்தார்கள். இவர் புகழவில்லை. மூன்று வருடத் தணிக்கை அறிக்கை, பைலா (நிறுவனத்தின் விதிமுறைகள்), கடைசி ஆறு கூட்டங்களின் மினிட்ஸ், எல்லாவற்றையும் அனுப்பச் சொன்னார். பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.

"உங்க போர்டுல ஒரு தீர்மானத்தை எதிர்த்து யாராவது ஓட்டுப் போட்டு எத்தனை நாளாச்சு சார்?"

யோசித்துப் பார்த்தேன். "எனக்கு ஞாபகம் தெரிஞ்சு இல்லைங்க மேடம்."

"மினிட்ஸைப் படிச்சா அப்படித்தான் தெரியுது. சரி, போர்டு எடுக்கிற முடிவால வழக்கு ஏதும் வந்தா உறுப்பினர்களுக்குக் காப்பீடு இருக்கா?"

அதுவும் இல்லை. அவர் வர மாட்டார் என்றே நினைத்தேன். வந்தார், ஆனால் உடனே உறுப்பினராக இல்லை. ஆறு மாதம் நிதித் துணைக்குழுவில் இருந்து பார்க்கிறேன், நீங்களும் என்னைப் பாருங்கள் என்றார். தளத்தின் வழிகாட்டிக் குறிப்பும் இதையேதான் சொல்கிறது: முதலில் துணைக்குழு, இரண்டு கூட்டத்தில் பார்வையாளர், அப்புறம்தான் ஓட்டுரிமை. பதவிக்காலத்தையும் மூன்று வருடம், ஒருமுறை நீட்டிக்கலாம் என்று இப்போது பைலாவில் சேர்த்துவிட்டோம். முன்பு எங்கள் போர்டில் சேர்ந்தவர் தானாக விலகினால்தான் உண்டு.

இனி, இரண்டு நட்சத்திரத்தைக் குறைத்த விஷயம். அந்தக் கடைசி வரிசைக்கு ஆள் தேடும்போது, ஒலிப்பதிவுப் பிரிவில் இருக்கும் தன்னார்வலர் ஒருவர் பழைய கோப்பு ஒன்றை எடுத்துவந்தார். எங்களிடம் படித்த மாணவி ஒருவர் எழுதிய இரண்டு புகார்க் கடிதங்கள் அதில் இருந்தன. ஒலிப்பதிவில் பக்க எண்ணைச் சொல்வதில்லை, வகுப்பில் ஆசிரியர் "பக்கம் 42" என்றால் எனக்கு எங்கே போவது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார். பக்கம் பக்கமாகத் தாவிக் கேட்க வசதியுள்ள டெய்சி வடிவத்துக்கான கூட்டமைப்பு தொடங்கியதே 1996இல்; எங்களுக்குக் கடிதம் வந்தும் உறைக்கவில்லை. அந்த மாணவி இப்போது மென்பொருள் சோதனைப் பணியில் இருக்கிறார். பேசினோம், சம்மதித்தார். எல்லாரும் ஒரே வழியாக வரட்டும் என்று தளத்தில் விண்ணப்பிக்கச் சொன்னோம்.

பதிவுப் பக்கத்தின் கடைசியில் ஒரு படப் புதிர். போக்குவரத்து விளக்கு இருக்கும் கட்டங்களைத் தொடுங்கள். காதால் கேட்டு விடை சொல்லும் மாற்று வழி இல்லை. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் அவருடைய ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் அந்த இடத்தில் "படம், படம், படம்" என்று ஒன்பது முறை சொன்னதாம். பார்வையற்றவர்களும் பயன்படுத்தும்படி இணையதளங்களை அமைப்பதற்கான வழிகாட்டி நெறிகள் 1999இலேயே வந்துவிட்டன. சேவை மையத்துக்கு எழுதினேன். பல நாள் கழித்துப் பதில் வந்தது: பக்கத்தில் இருக்கும் நண்பர் ஒருவரை உதவச் சொல்லுங்கள். மறுபடி எழுதினேன், பதில் இல்லை. தளத்தை விட்டுவிட்டு நேரடியாகத் தீர்மானம் போட்டு அவரைச் சேர்த்துக்கொண்டோம்.

அட்டவணைக்கும் வழிகாட்டிக் குறிப்புகளுக்கும் வங்கி மேடத்துக்குமாக மூன்று நட்சத்திரம். பணியிடம், தொழில் என்று வடிகட்டலாம். மாதத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும் என்று வடிகட்ட வழியில்லை, எனக்கு வேண்டியது அதுதான். அடுத்த வருடம் சந்தாவைப் புதுப்பிக்கப் போவதில்லை. போர்டே இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரு வருடம் கட்டிப் பார்க்கலாம்.

தளத்தை இவ்வளவு திட்டிவிட்டு இதை மறைத்தால் நியாயம் இல்லை: அந்தப் பெண் வந்த முதல் கூட்டத்துக்கு நான் அனுப்பிய அஜெண்டா, எப்போதும்போல் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்த தாள். அதுவும் வெறும் படம்தான், ஸ்கிரீன் ரீடர் படிக்காது. கூட்டம் தொடங்கியதும் அவர் மெதுவாக, "சார், எனக்கு வந்த ஃபைல்ல ஒண்ணுமே இல்லையே" என்றார். அன்றைக்கு அஜெண்டா முழுவதையும் நான் வாய்விட்டுப் படித்தேன், பக்க எண்ணோடு.