பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா: பிஎச்பி பெயர் விதியை மாற்ற நான்கு வழிகள்

இணையதளங்களுக்கான புரோகிராம் மொழியான பிஎச்பியில், மதிப்பை வைத்திருக்கும் வேரியபிளின் பெயருக்கு ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு உண்டு. ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைக்கும் கட்டளைத் தொகுப்பு), கிளாஸ் (தரவும் ஃபங்ஷன்களும் சேர்ந்த வார்ப்பு), மெத்தட் (கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷன்) பெயர்களுக்குக் கிடையாது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கான பில் புரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். கிளாஸ் பெயரில் ஓர் எழுத்து பெரிதா சின்னதா என்பதில் பிசகினாலும் கடையின் விண்டோஸ் கணினியில் ஓடும். லினக்ஸ் சர்வரில் ஏற்றினால் ‘கிளாஸ் இல்லை’ என்று நின்றுவிடும். வேண்டியபோது கிளாஸின் ஃபைலைத் தானே ஏற்றும் ஆட்டோலோடர், கிளாஸ் பெயரை வைத்தே ஃபைலைத் தேடுகிறது. லினக்ஸில் ஃபைல் பெயருக்கு எழுத்து வேறுபாடு உண்டு. மொழி மன்னித்ததை லினக்ஸ் மன்னிப்பதில்லை. அந்த ஃபைல் வேறு வழியாக முன்பே ஏறியிருந்தால் பிழையே வராது. அதனால்தான் இந்தக் கோளாறு கண்ணாமூச்சி ஆடுகிறது. இந்தப் பெயர்களுக்கும் எழுத்து வேறுபாடு பார்க்கும்படி விதியை மாற்ற நான்கு வழிகள் உண்டு.

ஒரே அடியாக அடுத்த பெரிய பதிப்பில் மாற்றுவது முதல் வழி. நேராக எழுதிய அழைப்புகளைக் கருவி வைத்துத் திருத்திவிடலாம். டேட்டாபேஸிலிருந்து ஸ்டிரிங்காக (வெறும் எழுத்துத் தொடராக) வரும் ஃபங்ஷன் பெயர் எந்தக் கருவிக்கும் தெரியாது.

இரண்டாவது, முதலில் எச்சரிக்கை, பிறகு நீக்கம். முன்னுதாரணம் உண்டு: எழுத்து வேறுபாடு பாராத கான்ஸ்டன்ட்டை (மாறாத மதிப்புக்கு வைக்கும் பெயரை) 2018இல் பிஎச்பி 7.3 பதிப்பு எச்சரித்தது, 2020இல் 8.0 பதிப்பு நீக்கியது. ஆனால் ஓடும் வரிதான் எச்சரிக்கும். முகூர்த்த நாளில் மட்டும் மல்லிகைக்குத் தனி விலை போடும் பகுதி மாதக்கணக்கில் வாய் திறக்காது.

ஃபைல் தலையில் ஒரு வரி போட்டு, வேண்டியவர் மட்டும் கறாராகிக்கொள்வது மூன்றாவது. கேட்க நன்றாயிருக்கிறது. தாய் கிளாஸ் தளர்வான ஃபைலில், அதன் மெத்தட்களைப் பெறும் பிள்ளை கிளாஸ் கறாரான ஃபைலில் இருந்து, மெத்தட் பெயரில் ஓர் எழுத்து மட்டும் சின்னதிலிருந்து பெரிதாக மாறியிருந்தால் அது பழைய மெத்தடை மாற்றுகிறதா, புதிதாக ஒன்றா? எந்தப் பதிலும் ஒரு தரப்பை உடைக்கும்.

நாங்கள் சாய்வது நான்காவது பக்கம்: அறிவித்தபடியே அழைக்க வேண்டும், ஆனால் பெரிய எழுத்து, சின்ன எழுத்தில் மட்டும் வேறுபடும் இரு பெயர்களுக்கு இடமில்லை. அப்போது பிசகிய அழைப்பு சத்தமில்லாமல் வேறு ஃபங்ஷனுக்குப் போகாது. பிழையாகவே நிற்கும், சரியான பெயரையும் பிழைச் செய்தியிலேயே சொல்லிவிடலாம்.

தமிழில் பெயர் வைத்தால் தொல்லையில்லை என்று நினைக்க வேண்டாம். ‘கொ’வில் வரும் உயிர்க்குறியை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ஒரே எண்ணாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பைத்தான் மொழி இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்கிறது; பிஎச்பிக்கு அவை இரு வேறு பெயர்கள்.