ஹீலியோஸ் 44-2-ஆ, புதிய 50 மி.மீ. லென்ஸா?

ஓடித் திரியும் குழந்தையைப் படமெடுக்க ஆட்டோஃபோகஸ் உள்ள புதிய 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ்தான், விவாதமே வேண்டாம். ஜெர்மனியின் பயோட்டார் லென்ஸை ஒட்டிச் சோவியத் ஒன்றியத்தில் பிறந்த ஹீலியோஸ் 44-2 (58 மி.மீ., எஃப்/2) அவசரக்காரர்களுக்கு உதவாது. ஒளி நுழையும் துளையின் அளவை ஒரு வளையத்தில் குறித்து, இன்னொன்றைத் திருப்பி அந்த அளவுக்கு மூட வேண்டும். ஃபோகஸும் விரல்களின் வேலைதான்.

ஆனால் துளையை முழுதாகத் திறந்து, மரத்தடியில் ஒருவரை நிறுத்தி எடுத்துப் பாருங்கள். இலைகளுக்கிடையே கசியும் ஒளிப்பொட்டுகள் ஓரங்களில் பூனைக்கண்ணாக நசுங்கி, முகத்தைச் சுற்றிச் சுழலும். புதிய லென்ஸில் இதைக் குறையென்று பெருமளவு அடக்கிவிட்டார்கள். எதிர்வெயிலில் ஹீலியோஸ் படம் வெளிறிப்போகும். எனக்கு அதுவும் பிடிக்கும். மிரர்லெஸ் கேமராவில் இந்தத் திருகு லென்ஸை இணைக்கும் எம்42 அடாப்டர் மாட்டி, திரைக்காட்சியைப் பெரிதாக்கினால், இமைமயிர் கூர்மையாகும் கணம் கண்முன்னே தெரியும்.